ரஷ்யத் தரைப்படையின் பிரிகேட் மறுசீரமைப்பு

ரஷ்யத் தரைப்படையின் பிரிகேட் மறுசீரமைப்பு என்பது 2008 ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டு, பெரும்பாலும் 2009 ஆம் ஆண்டு இறுதிக்குள் நடைமுறைப்படுத்தப்பட்ட ஒரு படைத்துறைச் சீர்திருத்தம் ஆகும். இதன் மூலம், சோவியத் காலத்திலிருந்து தரைப்படையின் அடிப்படை அலகாக விளங்கிய டிவிசன்கள் பெருமளவில் கலைக்கப்பட்டு, அவற்றின் இடத்தில் அளவில் சிறிய, முழு ஆள்பலம் கொண்ட பிரிகேட்கள் உருவாக்கப்பட்டன. அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் அனத்தோலி செர்தியுக்கோவ், படைத்துறைத் தலைமைத் தளபதி நிக்கலாய் மக்கரோவ் ஆகியோர் இதனை முன்னின்று நடத்தினர். ரஷ்ய வழக்கில் இச்சீர்திருத்தம் "புதிய தோற்றம்" என்னும் பெயராலும் அறியப்படுகிறது. 2013 ஆம் ஆண்டு முதல் இம்மாற்றம் படிப்படியாகத் திருப்பப்பட்டது. 2022 ஆம் ஆண்டு உக்ரைன் மீதான படையெடுப்பிற்குப் பின்னர், டிவிசன்களை மீண்டும் பெரிய அளவில் உருவாக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது.

டிவிசனும் பிரிகேடும்

தரைப்படை அலகுகள் ஒன்றினுள் ஒன்றாக அடுக்கப்பட்டவை. சில நூறு வீரர்களைக் கொண்டது பட்டாலியன். பல பட்டாலியன்கள் சேர்ந்தது ரெஜிமென்ட். பல ரெஜிமென்ட்கள் சேர்ந்தது டிவிசன். சோவியத் முறையில் ஒரு மோட்டார் ரைபிள் டிவிசன் (கவச வாகனங்களில் செல்லும் காலாட்படை டிவிசன்) மூன்று மோட்டார் ரைபிள் ரெஜிமென்ட்கள், ஒரு டாங்கு ரெஜிமென்ட், ஒரு பீரங்கி ரெஜிமென்ட் மற்றும் துணை அலகுகளைக் கொண்டிருந்தது. முழு பலத்தில் அதன் ஆள் எண்ணிக்கை 12,000 ஐத் தாண்டும்.

பிரிகேட் என்பது ரெஜிமென்டை விடப் பெரியது, டிவிசனை விடச் சிறியது. இதில் ரெஜிமென்ட் என்னும் இடைப்படி கிடையாது. பட்டாலியன்கள் நேரடியாகப் பிரிகேட் தளபதியின் கீழ் வருகின்றன. ரெஜிமென்ட் பொதுவாகத் தன் மேலுள்ள டிவிசனின் பீரங்கிகளையும் வழங்கல் பிரிவுகளையும் நம்பியிருக்கும். பிரிகேடோ தனக்குத் தேவையான பீரங்கி, வான் பாதுகாப்பு, பொறியாளர், வழங்கல் அலகுகளைத் தன்னுள்ளேயே கொண்டிருப்பதால் தனித்துப் போரிட வல்லது. விரைவாக ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு அனுப்பவும் இது ஏற்றது. மறுபுறம், இழப்புகளைத் தாங்கிக்கொண்டு நீண்ட நாட்கள் போரிடும் திறன் டிவிசனுக்கே மிகுதி. ரஷ்யச் சீர்திருத்தத்தின் ஏற்ற இறக்கங்கள் அனைத்தும் இந்த இரண்டு பண்புகளுக்கு இடையேயான தேர்விலிருந்தே எழுந்தன.

பின்னணி

சோவியத் மரபு

1980களின் பிற்பகுதியில் சோவியத் தரைப்படையில் 200க்கும் மேற்பட்ட டிவிசன்கள் இருந்தன. இவை அனைத்தும் முழு ஆள்பலத்துடன் இருந்தவை அல்ல. கிழக்கு ஜெர்மனி போன்ற முன்னணிப் பகுதிகளில் இருந்தவை முழுமையாக நிரப்பப்பட்டிருந்தன. உள்நாட்டில் இருந்த பல டிவிசன்களில் அதிகாரிகளும், கிடங்குகளில் ஆயுதங்களும், மிகச் சில வீரர்களும் மட்டுமே இருந்தனர். பெரும்போர் மூளும்போது, முன்னர் கட்டாய இராணுவச் சேவை முடித்த லட்சக்கணக்கான ஆண்களைத் திரட்டி இந்த டிவிசன்களை நிரப்புவதே சோவியத் திட்டம் ஆகும்.

1991 ஆம் ஆண்டு சோவியத் ஒன்றியம் கலைந்த பின்னரும் ரஷ்யா இந்தக் கட்டமைப்பையே தொடர்ந்து வைத்திருந்தது. ஆனால் அதனைப் பராமரிக்கப் போதுமான நிதியோ, திரட்டுவதற்கான ஆள்பலமோ அதனிடம் இல்லை. 1990களின் தொடக்கத்தில் சில டிவிசன்கள் பிரிகேட்களாக மாற்றப்பட்டன. மைக்கோப் நகரில் இருந்த 9வது மோட்டார் ரைபிள் டிவிசன் 131வது பிரிகேட் ஆனது இதற்கு எடுத்துக்காட்டாகும். எனினும் இம்மாற்றம் தரைப்படை முழுவதற்கும் விரிவாக்கப்படவில்லை.

செச்சென் போர்கள்

1994 ஆம் ஆண்டு முதலாம் செச்சென் போர் தொடங்கியபோது, போருக்கு அனுப்பத் தகுந்த முழுமையான அலகுகள் கிடைக்கவில்லை. பல்வேறு டிவிசன்களிலிருந்து வீரர்கள் எடுக்கப்பட்டு அவசரமாகக் கலப்புப் படைகள் உருவாக்கப்பட்டன. ஒருவரையொருவர் அறியாத வீரர்கள் ஒரே கவச வாகனத்தில் போருக்குச் சென்றனர். 1994 டிசம்பர் 31 அன்று குரோசுனி நகருக்குள் நுழைந்த 131வது பிரிகேடின் படைப்பகுதி தொடருந்து நிலையத்தின் அருகே சூழப்பட்டு ஏறத்தாழ அழிக்கப்பட்டது. அதன் தளபதி இவான் சாவின் கொல்லப்பட்டார். பிரிகேட் என்ற பெயர் மட்டும் போதாது, ஆள்பலமும் பயிற்சியும் இல்லாத அலகு எந்த வடிவில் இருந்தாலும் பயன்படாது என்பதை இந்நிகழ்வு காட்டியது.

1999 ஆம் ஆண்டு இரண்டாம் செச்சென் போரின்போதும் நிலைமை பெரிதாக மாறவில்லை. அப்போது குறைந்தது 65,000 வீரர்கள் தேவைப்பட்டனர் என்றும், தரைப்படையின் போருக்கு ஆயத்தமான அலகுகளில் 55,000 பேர் மட்டுமே இருந்தனர் என்றும், அவர்களும் நாடு முழுவதும் சிதறிக் கிடந்தனர் என்றும் 2006 ஆம் ஆண்டு நாடாளுமன்ற உரையில் அதிபர் விளாடிமிர் பூட்டின் கூறினார். அச்சமயம் ஆயுதப் படைகளின் மொத்த எண்ணிக்கை 14 லட்சம்.

ஜார்ஜியப் போர், 2008

2008 ஆகஸ்ட் மாதம் ஜார்ஜியாவுடன் நடந்த ஐந்து நாள் போரில் ரஷ்யா வெற்றி பெற்றது. ஆயினும் அப்போர் பல குறைபாடுகளை வெளிப்படுத்தியது. 58வது ஆர்மியின் தளபதி அனத்தோலி குருல்யோவ் தன் வாகனத் தொடரணியுடன் சென்றபோது பதுங்கித் தாக்கப்பட்டுக் காயமடைந்தார். அலகுகளுக்கிடையேயான தகவல்தொடர்புக் கருவிகள் சரிவர இயங்கவில்லை. வான்படைக்கும் தரைப்படைக்கும் ஒருங்கிணைப்பு இல்லை. வேவுப் பணிக்கு அனுப்பப்பட்ட டூ-22 வகை விமானம் ஒன்றும் பல சு-25 விமானங்களும் இழக்கப்பட்டன.

போருக்குப் பின்னர் பேசிய மக்கரோவ், படை அலகுகளில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவானவையே போருக்கு ஆயத்த நிலையில் இருந்ததாகவும், காகிதத்தில் மட்டுமே இருந்த டிவிசன்களுக்குத் தலைமை தாங்கிய அதிகாரிகளால் உண்மையான போரில் முடிவெடுக்க இயலவில்லை என்றும் குறிப்பிட்டார்.

சீர்திருத்த அறிவிப்பு

அக்டோபர் 14, 2008 அன்று செர்தியுக்கோவ் சீர்திருத்தத்தின் முக்கிய இலக்குகளை அறிவித்தார். வரித்துறைத் தலைவராக இருந்து 2007 பிப்ரவரியில் பாதுகாப்பு அமைச்சரான இவர், படைத்துறைப் பின்னணி இல்லாதவர். அறிவிக்கப்பட்ட இலக்குகளுள் முக்கியமானவை:

* ஆயுதப் படைகளின் மொத்த எண்ணிக்கையை 10 லட்சமாகக் குறைத்தல்.
* தரைப்படையின் அலகுகளையும் அமைப்புகளையும் 1,890 இலிருந்து 172 ஆகக் குறைத்தல்.
* அதிகாரிப் பணியிடங்களை 3,55,000 இலிருந்து 1,50,000 ஆகக் குறைத்தல்.
* மாவட்டம் - ஆர்மி - டிவிசன் - ரெஜிமென்ட் என்ற நான்கு அடுக்குக் கட்டளை முறையை, மாவட்டம் - ஆர்மி - பிரிகேட் என்ற மூன்று அடுக்கு முறையாக மாற்றுதல்.
* குறைந்த ஆள்பலத்துடன் இருந்த அலகுகளை ஒழித்து, எஞ்சிய அனைத்தையும் நிரந்தர ஆயத்த நிலையில் வைத்தல்.

கடைசி இலக்கே இச்சீர்திருத்தத்தின் மையக் கருத்து ஆகும். லட்சக்கணக்கானோரைத் திரட்டிப் பெரும்போர் நடத்தும் சோவியத் திட்டத்தை ரஷ்யா இதன்மூலம் கைவிட்டது. இனி வரக்கூடியவை எல்லைப்புறத்தில் நிகழும் சிறிய, குறுகிய காலப் போர்களே என்றும், அவற்றிற்கு உத்தரவு கிடைத்தவுடன் புறப்படும் அலகுகளே தேவை என்றும் கருதப்பட்டது. உத்தரவு பெற்ற ஒரு மணி நேரத்திற்குள் பிரிகேட் புறப்பட ஆயத்தமாக வேண்டும் என்பது இலக்காக வைக்கப்பட்டது.

நடைமுறைப்படுத்தல்

மாற்றம் மிக வேகமாக நடந்தது. 2009 டிசம்பர் மாதத்திற்குள் பல்வேறு வகையான 85 பிரிகேட்கள் அமைக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்து புகழ்பெற்ற தமான் மோட்டார் ரைபிள் டிவிசன், கந்தமீர் டாங்கு டிவிசன் ஆகியவையும் கலைக்கப்பட்டன. குறைபலத்துடன் இருந்த டிவிசன்கள் பல ஆயுதச் சேமிப்புத் தளங்களாக மாற்றப்பட்டன. 131வது பிரிகேட் அப்காசியாவில் 7வது இராணுவத் தளமாக மாற்றப்பட்டது.

இதற்குச் சில விதிவிலக்குகள் இருந்தன. கூரில் தீவுகளில் இருந்த 18வது இயந்திரத் துப்பாக்கி - பீரங்கி டிவிசன் அப்படியே விடப்பட்டது. தரைப்படையின் பகுதியாக அல்லாமல் தனிப்படையாக இயங்கும் வான்குடைப் படையும் தன் நான்கு டிவிசன்களைத் தக்கவைத்துக் கொண்டது.

2010 ஆம் ஆண்டு, ஆறு இராணுவ மாவட்டங்கள் மேற்கு, தெற்கு, மத்திய, கிழக்கு என நான்காக இணைக்கப்பட்டன. ஒவ்வொரு மாவட்டத் தலைமையகத்தின் கீழும் அப்பகுதியிலுள்ள தரை, வான், கடற்படைகள் கொண்டுவரப்பட்டன.

பிரிகேடின் கட்டமைப்பு

புதிய முறையில் ஒரு மோட்டார் ரைபிள் பிரிகேட் ஏறத்தாழ 4,000 முதல் 4,500 வரையிலான வீரர்களைக் கொண்டிருந்தது. அதன் பொதுவான உள்ளமைப்பு பின்வருமாறு:

* மூன்று மோட்டார் ரைபிள் பட்டாலியன்கள்
* ஒரு டாங்கு பட்டாலியன்
* பட்டாலியன் அளவிலான இரண்டு தானியங்கு பீரங்கிப் பிரிவுகள்
* ஒரு பல்குழல் ராக்கெட் பிரிவு
* ஒரு டாங்கு எதிர்ப்புப் பிரிவு
* இரண்டு வான் பாதுகாப்புப் பிரிவுகள்
* வேவு, பொறியாளர், தகவல்தொடர்பு, பழுதுபார்ப்பு, வழங்கல் அலகுகள்

டாங்கு பிரிகேடில் இந்த விகிதம் மாறி, மூன்று டாங்கு பட்டாலியன்களும் ஒரு மோட்டார் ரைபிள் பட்டாலியனும் இருந்தன. மேலைநாட்டுப் பிரிகேட்களுடன் ஒப்பிடும்போது ரஷ்யப் பிரிகேடில் பீரங்கிகளும் வான் பாதுகாப்பும் மிக அதிகம். காலாட்படை வீரர்கள் குறைவு. பீரங்கித் தாக்குதலே போரைத் தீர்மானிக்கும் என்ற சோவியத் கோட்பாட்டின் தொடர்ச்சியாக இதனைக் கொள்ளலாம்.

சிக்கல்களும் எதிர்ப்பும்

அதிகாரிகளின் நிலை

பணியிழந்த அதிகாரிகளே இச்சீர்திருத்தத்தால் நேரடியாகப் பாதிக்கப்பட்டவர்கள் ஆவர். பத்தாண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர்கள் விடுவிக்கப்படும்போது அவர்களுக்கு அரசு வீடு வழங்க வேண்டும் என்பது ரஷ்யச் சட்டம். வீடுகள் போதுமான அளவில் இல்லாததால், ஆயிரக்கணக்கான அதிகாரிகள் பணியும் இன்றி, விடுவிக்கப்படவும் இன்றி, அடிப்படை ஊதியத்துடன் பல ஆண்டுகள் காத்திருந்தனர். படைத்துறைக் கல்லூரிகளில் புதிய மாணவர் சேர்க்கை 2010 ஆம் ஆண்டு நிறுத்திவைக்கப்பட்டது. 2010 நவம்பரில், செர்தியுக்கோவ் பதவி விலக வேண்டும் என்று கோரி வான்குடைப் படையின் முன்னாள் வீரர்கள் மாஸ்கோவில் திரண்டனர்.

அதிகாரிகளைக் குறைத்தது அளவுக்கு மீறியது என்பதை அமைச்சகமே விரைவில் ஏற்க வேண்டியதாயிற்று. 2011 ஆம் ஆண்டு அதிகாரிப் பணியிடங்கள் 70,000 கூட்டப்பட்டு 2,20,000 ஆக உயர்த்தப்பட்டன.

இடைநிலை அலுவலர்கள்

ரஷ்யப் படையில் பிராப்பர்ஷிக் எனப்படும் இடைநிலை அலுவலர்கள் கிடங்குகள், வாகனப் பராமரிப்பு, நுட்பக் கருவிகள் முதலியவற்றைக் கவனித்து வந்தனர். 2009 ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ 1,40,000 பேர் கொண்ட இந்நிலை முழுவதுமாக நீக்கப்பட்டது. அவர்களுக்குப் பதிலாகத் தொழில்முறைப் பயிற்சி பெற்ற சார்ஜென்ட்களை உருவாக்குவதே திட்டம். ஆனால் புதிய சார்ஜென்ட்கள் போதிய எண்ணிக்கையில் உருவாகும் முன்பே பழையவர்கள் வெளியேறிவிட்டனர். 2013 ஆம் ஆண்டு இந்நிலை மீண்டும் கொண்டுவரப்பட்டது.

ஆள்பலம்

2008 ஆம் ஆண்டு முதல் கட்டாய இராணுவச் சேவைக் காலம் 12 மாதங்களாகக் குறைக்கப்பட்டது. ஆண்டுக்கு இருமுறை ஆள்சேர்ப்பு நடைபெற்றதால், எந்தவொரு நேரத்திலும் பிரிகேடில் உள்ள கட்டாயச் சேவை வீரர்களில் பாதிப்பேர் ஆறு மாதத்திற்கும் குறைவான பயிற்சியே பெற்றிருந்தனர். எனவே "நிரந்தர ஆயத்த நிலை" என்பது நடைமுறையில் முழுமை பெறவில்லை. ஊதியம் பெறும் ஒப்பந்த வீரர்களும் எதிர்பார்த்த எண்ணிக்கையில் சேரவில்லை.

பட்டாலியன் போர்க்குழு

மேற்கூறிய ஆள்பலக் குறைபாட்டிற்குக் கண்டறியப்பட்ட தீர்வே பட்டாலியன் போர்க்குழு ஆகும். ஒரு பிரிகேடில் உள்ள ஒப்பந்த வீரர்களை ஒன்றுதிரட்டி, ஒரு மோட்டார் ரைபிள் பட்டாலியனை மையமாக வைத்து, அதனுடன் டாங்குகள், பீரங்கிகள், வான் பாதுகாப்பு, பொறியாளர் அலகுகளை இணைத்து இக்குழுக்கள் அமைக்கப்பட்டன. ஒரு குழுவில் பொதுவாக 600 முதல் 900 பேர் வரை இருந்தனர். ஒரு பிரிகேட் தன் கட்டாயச் சேவை வீரர்களை முகாமில் விட்டுவிட்டு இரண்டு போர்க்குழுக்களை அனுப்ப முடியும் என்று கணக்கிடப்பட்டது.

2014-2015 இல் கிழக்கு உக்ரைனில் நடந்த போர்களில் ரஷ்யா இக்குழுக்களைப் பயன்படுத்தியது. குறுகிய கால, வரையறுக்கப்பட்ட நோக்கம் கொண்ட அந்தத் தாக்குதல்களில் அவை பயனளித்தன. 2021 ஆம் ஆண்டு இத்தகைய 168 குழுக்கள் இருப்பதாக அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் செர்கேய் சொய்கு அறிவித்தார்.

டிவிசன்களின் மீள்வருகை

2012 நவம்பரில் செர்தியுக்கோவ் பதவி நீக்கப்பட்டார். பாதுகாப்பு அமைச்சகச் சொத்துக்களின் விற்பனை தொடர்பான ஊழல் விசாரணை இதன் உடனடிப் பின்னணி ஆகும். அவருக்குப் பின் சொய்கு அமைச்சராகவும், மக்கரோவுக்குப் பின் வலேரி கெராசிமோவ் தலைமைத் தளபதியாகவும் பொறுப்பேற்றனர். 2013 மே மாதம் தமான், கந்தமீர் டிவிசன்கள் மீண்டும் உருவாக்கப்பட்டன. தொடக்கத்தில் இது மரபுப் பெருமையை மீட்கும் செயலாகவே பார்க்கப்பட்டது.

2014 ஆம் ஆண்டு உக்ரைனுடனும் நேட்டோவுடனும் உறவு சீர்கெட்ட பின்னர் நிலைமை மாறியது. மேற்கு எல்லையில் பெரிய போர் ஒன்று நிகழக்கூடும் என்ற கணிப்பு மீண்டும் வலுப்பெற்றது. 2014 இல் முதலாவது டாங்கு ஆர்மி மீண்டும் அமைக்கப்பட்டது. 2016 இல் மூன்று புதிய டிவிசன்களை அமைப்பதாகச் சொய்கு அறிவித்தார். 3வது, 144வது, 150வது மோட்டார் ரைபிள் டிவிசன்கள் உக்ரைன், பெலருஸ் எல்லைகளை ஒட்டிய ரஷ்யப் பகுதிகளில் நிறுவப்பட்டன. செச்சென்யாவில் 42வது மோட்டார் ரைபிள் டிவிசனும் மீண்டும் உருவாக்கப்பட்டது. இதனால் 2022 ஆம் ஆண்டு தொடங்கும்போது ரஷ்யத் தரைப்படை டிவிசன்களும் பிரிகேட்களும் கலந்த ஒரு கலப்புப் படையாக இருந்தது.

உக்ரைன் போரும் பின்விளைவும்

பிப்ரவரி 24, 2022 அன்று ரஷ்யா உக்ரைன் மீது முழு அளவிலான படையெடுப்பைத் தொடங்கியது. ஏறத்தாழ 120 பட்டாலியன் போர்க்குழுக்கள் இதற்காகக் குவிக்கப்பட்டதாக அமெரிக்க அதிகாரிகள் மதிப்பிட்டனர். சிறிய போர்களுக்காக வடிவமைக்கப்பட்ட அமைப்பு, ஆயிரம் கிலோமீட்டர் நீளத்தையும் தாண்டிய போர்முனையில் சோதிக்கப்பட்டது.

போர்க்குழுக்களில் டாங்குகளும் பீரங்கிகளும் போதுமானவையாக இருந்தபோதும், அவற்றுடன் இறங்கி நடந்து போரிடும் காலாட்படை வீரர்கள் மிகக் குறைவாக இருந்தனர். காடுகளிலும் நகரத் தெருக்களிலும் டாங்குகளைக் காக்க ஆளில்லாத நிலை ஏற்பட்டது. ஒரு குழு தன் வீரர்களில் மூன்றில் ஒரு பங்கை இழந்தாலே அது செயலிழந்தது. இடத்தை நிரப்ப முகாமில் இருந்தவர்களோ கட்டாயச் சேவை வீரர்கள். அவர்கள் போரில் ஈடுபடுத்தப்படவில்லை என்று பூட்டின் அறிவித்த மறுநாள், மார்ச் 9, 2022 அன்று, அவர்களுள் சிலர் போர்முனையில் இருந்ததையும் சிலர் சிறைபிடிக்கப்பட்டதையும் பாதுகாப்பு அமைச்சகம் ஒப்புக்கொண்டது. ஆர்க்டிக் பகுதியில் போரிடுவதற்கெனப் பயிற்சி பெற்ற 200வது மோட்டார் ரைபிள் பிரிகேட் கார்கீவ் பகுதியில் பேரிழப்புகளைச் சந்தித்தது.

செப்டம்பர் 21, 2022 அன்று 3,00,000 பேரைத் திரட்டும் பகுதி அணிதிரட்டல் அறிவிக்கப்பட்டது. அணிதிரட்டலுக்கு ஆயத்தமான குறைபல அலகுகள் 2009 இலேயே ஒழிக்கப்பட்டிருந்ததால், அழைக்கப்பட்டவர்களை ஏற்றுப் பயிற்றுவிக்க அதிகாரிகளும் முகாம்களும் போதவில்லை. முன்னர் கைவிடப்பட்ட சோவியத் முறையின் தேவை இவ்வாறு மீண்டும் உணரப்பட்டது.

2022 டிசம்பர் 21 அன்று சொய்கு புதிய திட்டத்தை முன்வைத்தார். ஆயுதப் படைகளை 15 லட்சமாக உயர்த்துதல், ஏழு மோட்டார் ரைபிள் பிரிகேட்களை டிவிசன்களாக மாற்றுதல், மாஸ்கோ, லெனின்கிராட் இராணுவ மாவட்டங்களை மீண்டும் உருவாக்குதல் ஆகியவை அதில் அடங்கும். இவ்விரு மாவட்டங்களும் 2024 மார்ச் 1 முதல் செயற்பாட்டிற்கு வந்தன. போர்முனையிலோ பட்டாலியன் போர்க்குழுக்கள் படிப்படியாகக் கைவிடப்பட்டு, அவற்றினும் சிறிய தாக்குதல் குழுக்கள் பயன்பாட்டிற்கு வந்தன.

உக்ரைனுடன் ஒப்பீடு

உக்ரைனின் தரைப்படையும் அதே சோவியத் டிவிசன்களிலிருந்து தோன்றியது. அதுவும் 2000களில் டிவிசன்களைக் கைவிட்டுப் பிரிகேட்களை அடிப்படை அலகாகக் கொண்டது. போர்க்காலத்தில் பிரிகேட்களின் எண்ணிக்கை பன்மடங்கு பெருகியபோது, அவற்றை ஒருங்கிணைக்க இடைநிலைத் தலைமையகம் இல்லாதது குறையாக உணரப்பட்டது. பிரிகேட்கள் அடிக்கடி துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டுப் பிற தலைமையகங்களின் கீழ் அனுப்பப்பட்டன. இதனைச் சரிசெய்ய 2025 ஆம் ஆண்டு, பல பிரிகேட்களை நிரந்தரமாக ஒரே தலைமையின் கீழ் கொண்டுவரும் கோர் முறைக்கு உக்ரைன் மாறத் தொடங்கியது. எதிரெதிரே நின்ற இரு படைகளும் ஒரே சிக்கலுக்கு வெவ்வேறு விடைகளைத் தேடின.

மதிப்பீடு

2008 ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தைப் பற்றி ஆய்வாளர்களிடையே இருவேறு கருத்துகள் உள்ளன. காகிதத்தில் மட்டுமே இருந்த அலகுகளை ஒழித்து, அதிகாரிகள் நிறைந்தும் வீரர்கள் குறைந்தும் இருந்த ஒரு படையை இயங்கும் படையாக மாற்றியது இச்சீர்திருத்தமே என்பது ஒரு சாரார் கருத்து. 2014 ஆம் ஆண்டு கிரிமியாவில் வெளிப்பட்ட வேகத்தை அவர்கள் இதற்குச் சான்றாகக் காட்டுவர். நீண்ட போருக்குத் தேவையான சேமப்படை, அதிகாரிகள், அணிதிரட்டும் அமைப்பு ஆகியவற்றை அது அழித்துவிட்டது என்பது மறுசாரார் கருத்து.

இவ்விரு கருத்துகளும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. குறுகிய போருக்கென அமைக்கப்பட்ட படை குறுகிய போரில் பயன்பட்டது. அதே படை நீண்ட போருக்கு அனுப்பப்பட்டபோது தடுமாறியது. பிரிகேட், டிவிசன் என்ற வடிவங்களைக் காட்டிலும், அவற்றை நிரப்பும் பயிற்சி பெற்ற வீரர்களின் எண்ணிக்கையும், எந்த வகைப் போருக்காக அவை அமைக்கப்படுகின்றன என்பதில் உள்ள தெளிவுமே முக்கியமானவை என்பதை ரஷ்ய அனுபவம் உணர்த்துகிறது.

காலக்கோடு

* 1991 - சோவியத் ஒன்றியம் கலைதல்
* 1994 - முதலாம் செச்சென் போர் தொடக்கம்
* 1999 - இரண்டாம் செச்சென் போர் தொடக்கம்
* 2007 - செர்தியுக்கோவ் பாதுகாப்பு அமைச்சராதல்
* 2008 - ஜார்ஜியப் போர், சீர்திருத்த அறிவிப்பு
* 2009 - பிரிகேட் முறைக்கு மாற்றம்
* 2010 - நான்கு இராணுவ மாவட்டங்கள் அமைப்பு
* 2012 - செர்தியுக்கோவ் பதவி நீக்கம்
* 2013 - தமான், கந்தமீர் டிவிசன்கள் மீளுருவாக்கம்
* 2016 - மேற்கு எல்லையில் புதிய டிவிசன்கள் அறிவிப்பு
* 2022 - உக்ரைன் படையெடுப்பு. பிரிகேட்களை டிவிசன்களாக மாற்றும் திட்டம்
* 2024 - மாஸ்கோ, லெனின்கிராட் இராணுவ மாவட்டங்கள் மீளுருவாக்கம்